தொட்டி மீன் வணிகமும் ஆற்று மீன்களும்: பெஸ்தாரி ஜெயா மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் பெஸ்தாரி ஜெயாவில், கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வீடுகள் ஏராளம். லயத்து வீட்டை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்தவர்கள் பலர், முன்கூடத்தில் சாமிப் படத்துக்கு அடுத்தபடியாக மீன்தொட்டிக்குத்தான் இடம் ஒதுக்குகிறார்கள். நல்ல பழக்கம் அது. பிள்ளைகளுக்கு ஓர் உயிரைப் பொறுப்போடு கவனிக்கக் கற்றுத்தருகிறது. ஆனால், நம் நகரத்துக்கு வடக்கே தொடங்கும் வட சிலாங்கூர் சதுப்புக்காட்டில், உலகின் வேறெந்த மூலையிலும் காண முடியாத மீன்கள் வாழ்கின்றன. அவற்றுக்கும் நம் தொட்டிக்கும் உள்ள தொடர்பை மாணவர்களும் பெற்றோர்களும் பலவிதமாகக் கேட்கிறார்கள். அக்கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கடையில் விற்கும் மீன்கள் எல்லாம் காட்டிலும் ஆற்றிலும் பிடித்தவையா?

இல்லை. நன்னீர்த் தொட்டி மீன்களில் எண்ணிக்கைப்படி பார்த்தால் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பண்ணைகளில் பிறந்தவை. கப்பி, மோலி, பிளாட்டி, தங்கமீன், கோய், ஏஞ்சல், டிஸ்கஸ், சாடியில் தனித்தனியாக விற்கப்படும் நீண்ட வால் சண்டை மீன் ஆகியவை பல தலைமுறைகளாகப் பண்ணையிலேயே பெருகி வருகின்றன. மலேசியாவே இவ்வணிகத்தில் பெரிய உற்பத்தியாளர். பேராக்கிலும் ஜோகூரிலும் பண்ணைகள் நிறைய உள்ளன, ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி உருவான பழைய ஈயக்குட்டைகளின் நீரும் இத்தொழிலுக்குப் பயன்பட்டிருக்கிறது. சிங்கப்பூர் வழியாக உலகெங்கும் அனுப்பப்படும் மீன்களில் கணிசமானவை இப்படிப்பட்டவை. இவற்றை வாங்குவதால் எந்த ஆறும் வெறுமையாவதில்லை.

கவலைப்பட வேண்டியது மீதமுள்ள சிறு பங்கைப் பற்றித்தான். உலக வணிகத்தில் 4,000-க்கும் மேற்பட்ட நன்னீர் மீனினங்கள் கைமாறுகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பண்ணைகள் பெருமளவில் பெருக்குவதோ அவற்றில் ஒரு சில நூறு இனங்களை மட்டுமே. ஆகவே எண்ணிக்கையில் சிறியதாகத் தோன்றும் அந்தக் காட்டு மீன் பங்கில்தான் பெரும்பாலான இனங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் பல, பெயர் வைக்கப்பட்டு முப்பது நாற்பது ஆண்டுகள்கூட ஆகாதவை. சுமத்திராவிலும் போர்னியோவிலும் வாழும் கிளவுன் லோச், தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் ஓட்டோசிங்க்லஸ் போன்ற மீன்கள் கடைக்கு வந்த வழியைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஓர் ஆற்றங்கரையில்தான் நிற்போம்.

தொட்டிக்காகப் பிடிப்பதால் மட்டும் ஓர் இனம் அழிந்துபோகுமா?

எல்லா இனமும் அழியாது. சில இனங்கள் அழியும். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதே இந்த விஷயத்தின் உயிர்நாடி என்று கருதுகிறேன்.

அமேசானின் கிளையாறான ரியோ நெக்ரோவில் கார்டினல் டெட்ரா என்ற சிறு மீன் கோடிக்கணக்கில் வாழ்கிறது. அதன் ஆயுள் இயற்கையில் பெரும்பாலும் ஓராண்டைச் சுற்றியே இருக்கும்; ஆற்று வெள்ளம் வடியும்போது ஒதுங்கிய குட்டைகளில் அகப்பட்டு எத்தனையோ மீன்கள் எப்படியும் மடிகின்றன. அந்த மீன்களைப் பல்லாண்டுகளாக அள்ளி விற்றும் இனம் குன்றிவிடவில்லை.

இதற்கு நேர் எதிரான மீன்களும் உண்டு. ஒரே ஒரு மலையோடையிலோ ஒரே ஒரு சதுப்புத் துண்டிலோ மட்டும் வாழ்பவை, சில பத்து முட்டைகளே இடுபவை, முட்டையையும் குஞ்சையும் ஆண் மீனே காத்து வளர்ப்பவை, பருவமடைய ஆண்டுகள் எடுப்பவை ஆகியவற்றைப் பிடித்தால் இழப்பை ஈடுசெய்ய அவற்றால் இயலாது. இதில் மனத்தைக் கனக்கச் செய்யும் இன்னொரு விஷயமும் உண்டு. சாப்பாட்டு மீன் அரிதானால், பிடிக்கும் செலவு கட்டாமல் மீனவர் வேறு மீனுக்கு மாறிவிடுவார். தொட்டி மீன் அரிதானால் விலை ஏறுகிறது. ஏறிய விலை, கடைசி மீனையும் தேடிப் போகத் தூண்டுகிறது.

நிறம் பார்த்துப் பிடிப்பதும் ஒரு சேதமே. வாடிக்கையாளர் விரும்புவது வண்ணமிகு ஆண் மீன்களை. அவற்றை மட்டும் ஓடையிலிருந்து எடுத்துவிட்டால், எஞ்சிய மீன்களின் எண்ணிக்கை போதுமானதாகத் தெரிந்தாலும் இனப்பெருக்கம் தளர்ந்துவிடும்.

கெலிசா மீனை இவ்வளவு பாதுகாப்பது ஏன்? கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறதே!

ஆசிய அரோவானா எனப்படும் கெலிசா, மேலே சொன்ன பலவீனங்களில் பலவும் ஒன்றுசேர்ந்த மீன். அது பருவமடைய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். முட்டைகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை; ஆண் மீன் அவற்றை வாயில் அடைகாத்து, குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். காட்டில் குஞ்சு பிடிப்பவர்கள் செய்வது என்னவென்றால், வாய் நிறையக் குஞ்சு வைத்திருக்கும் தந்தை மீனைப் பிடித்து, வாயைத் திறந்து அத்தனையையும் கொட்டிக்கொள்வதுதான். ஒரு பிடியில் ஒரு குடும்பமே போய்விடும்.

அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 1975-இல் நடைமுறைக்கு வந்தபோதே கெலிசா அதன் முதல் பட்டியலில், அதாவது காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கவே கூடாத வகையில், சேர்க்கப்பட்டது. தடையால் அதன் மதிப்பு குறையவில்லை. செல்வமும் நற்பேறும் தரும் மீன் என்ற நம்பிக்கை பரவியதால் விலை மேலும் ஏறியது. 1990-களிலிருந்து பதிவுபெற்ற பண்ணைகளில் பிறந்த மீன்களை, உடலில் மின்சில்லு பொருத்திச் சான்றிதழோடு விற்க அனுமதி உண்டு. கடைகளில் நீங்கள் தாராளமாகக் காண்பது அந்த மீன்களையே.

காட்டில் நிலைமை வேறு. கிரியான் நெல்வயல்களுக்குத் தண்ணீர் தருவதற்காக 1906-இல் அமைக்கப்பட்ட பேராக்கின் புக்கிட் மேரா ஏரி, தங்கநிறக் கெலிசாவுக்கு உலகப் புகழ் பெற்றது. அங்கும், மற்ற இயற்கை வாழிடங்களிலும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இம்மீனை இன்றும் அருகிவரும் இனமாகவே வகைப்படுத்துகிறது. பண்ணைத் தொட்டிகளில் எத்தனை இலட்சம் மீன்கள் இருந்தாலும் அவை ஆற்றுக்குத் திரும்பிய மீன்கள் ஆகா.

நம் ஊரை ஒட்டிய சதுப்புக்காட்டில் அப்படி என்ன மீன்கள் இருக்கின்றன?

காம்புட் என்று எல்லாரும் சொல்லும் கரிமண் சதுப்புக்காடு, ராஜா மூசா, சுங்கை காராங் ஆகிய காப்புக்காடுகளை உள்ளடக்கி ஏறத்தாழ 80,000 ஹெக்டேர் பரந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த இலையும் கிளையும் முழுதாக மக்காமல் நீரில் ஊறிப் படிந்த மண் அது. அதில் தேங்கும் நீர் பால் சேர்க்காத தே-ஓ நிறத்தில் இருக்கும். அமிலத்தன்மை மிகுந்து, அதன் பிஎச் அளவு 4-ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் இறங்கும். சாதாரண மீன்கள் பல வாழ முடியாத அந்நீரில், அதற்கென்றே பழகிய சிறு மீன்கள் வாழ்கின்றன.

அவற்றில் ஒன்று பெட்டா லிவிடா. கடையில் காணும் சண்டை மீனுக்கு உறவுமுறை ஆகும். ஆனால் விரல் நீளம்கூட இல்லாத, ஒல்லியான, ஆழ்ந்த சிவப்பு நிற மீன். உடலின் பக்கவாட்டில் பச்சையாக மின்னும் ஒரு பொட்டு இருக்கும். அறிவியல் உலகுக்கு அது 1992-இல்தான் அறிமுகமானது, இந்த வட சிலாங்கூர் சதுப்பைத் தவிர வேறெங்கும் அது வாழ்வதாகத் தெரியவில்லை. இன்னொன்று 1987-இல் பெயரிடப்பட்ட பரோஸ்ஃப்ரோமெனஸ் ஹார்வேயி என்ற லிக்கரிஸ் கவுராமி. மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள அந்த மீன், மூழ்கிய இலைக்கு அடியிலோ வேர்ச் சந்திலோ சில பத்து முட்டைகளை வைத்து, ஆண் காவல் இருந்து வளர்க்கும். இவ்விரண்டும் அழியும் அபாயத்தில் உள்ளவை. ஜோகூரின் ஆயர் ஹீத்தாம் பக்கத்துச் சதுப்பைச் சேர்ந்த பெட்டா பெர்செபோனியின் கதையும் இதே போன்றதே.

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள ஆர்வலர்கள் இம்மீன்களைத் தேடிப் பெறுகிறார்கள். அவர்களில் பலர் உண்மையான அக்கறையோடு வளர்த்துப் பெருக்கி, தமக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். லிக்கரிஸ் கவுராமிகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் நல்ல பங்கு அவர்கள் தந்தது. ஆனால் விற்பனைக்காக வருபவர் ஒரு வாய்க்காலில் கைவலையால் இலைக்குப்பையை வாரி எடுக்கும்போது, அங்கே அந்த இனத்தின் எத்தனை இணைகள் மிச்சமிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சதுப்பை அழித்தது செம்பனையும் வாய்க்காலும்தானே? ஒரு புட்டி மீன் பிடிப்பவரை ஏன் குறை சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. செம்பனையும் அதற்கு முன் ரப்பரும் பரவிய இடமெல்லாம் சதுப்பு வடிக்கப்பட்டது. அந்த வாய்க்கால்களில் இடுப்பளவு சேற்றில் நின்று உழைத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்; முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்லர், ஆதாயம் அவர்களுக்கு வந்ததும் இல்லை. பிற்காலத்தில் மரம் வெட்டி இழுப்பதற்காகக் காட்டுக்குள்ளும் கால்வாய்கள் தோண்டப்பட்டன. கரிமண்ணிலிருந்து நீர் வடிந்தால் மண் அமிழும், காயும், வறட்சியில் தீப்பிடிக்கும். ராஜா மூசா காடு 1990-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பிறகும் ஆக்கிரமிப்பும் தீயும் நிற்கவில்லை. புகைமூட்டக் காலத்தில் தொண்டை எரிய நாம் சுவாசித்ததில் அந்த மண்ணின் பங்கும் இருந்தது.

ஆகவே, இந்த மீன்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்த முதற்காரணம் வாழிட அழிவுதான். தொட்டி வணிகம் இரண்டாவதே. உலகளவிலும் பெரும்பாலான நன்னீர் மீன்களுக்கு அணைகளும், காடழிப்பும், மாசும்தான் பெரிய எதிரிகள். தாய்லாந்தின் சிவப்பு வால் கறுப்புச் சுறா என்ற தொட்டி மீன் இதற்கு நல்ல சான்று. அந்தச் சிறு மீன் 1990-களில் காட்டில் அற்றுப்போய்விட்டதாகவே கருதப்பட்டது, பழி முழுவதும் மீன் வணிகத்தின் மேல் போடப்பட்டது. சாவ் பிரயா ஆற்றுப் படுகையில் அணைகள் எழுந்ததும் சதுப்புகள் வடிக்கப்பட்டதும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்று பிறகு உணரப்பட்டது. 2011-இல் ஓரிடத்தில் மட்டும் அது மீண்டும் கண்டறியப்பட்டது.

ஆனால் வரிசையில் இரண்டாவது என்பதால் அதைப் புறக்கணிக்கலாகாது. ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் ஓர் இனம் பரவியிருந்த காலத்தில், யாரோ ஒருவர் நூறு மீன் எடுத்தால் எதுவும் நேர்ந்திருக்காது. இன்று அதே இனம் துண்டு துண்டாக எஞ்சிய ஈரநிலத்தில், ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நீர்த்தொடர்பு இல்லாமல் ஒதுங்கியிருக்கிறது. அந்த ஒரு துண்டில் எடுக்கப்படும் நூறு மீன் அங்குள்ள மீன்களில் பாதியாக இருக்கலாம். காடு சுருங்கச் சுருங்க, பிடிப்பவரின் சின்ன வலை பெரிதாகிக்கொண்டே போகிறது. காட்டை மீட்கும் பணியும் நடக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும், உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு, ராஜா மூசாவில் கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி மரக்கன்றுகள் நட்டு வருகின்றன. திரும்பி வரும் நீரில் வாழ மீன் மிச்சமிருக்க வேண்டும் அல்லவா?

பண்ணையில் பெருக்கிவிட்டால் காட்டு மீன் தப்பித்துவிடும் அல்லவா?

பல சமயங்களில் தப்பித்துவிடுகிறது. மியன்மாரின் ஹோபோங் நகருக்கு அருகே 2006-இல் முத்துப் பொட்டுகள் கொண்ட ஒரு சிறு மீன் கண்டுபிடிக்கப்பட்டது. சில மாதங்களில் உலகம் முழுவதும் அதைக் கேட்டது. அந்தச் சிறிய குட்டைகள் வெறுமையாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. பிறகு வேறு சில இடங்களிலும் அம்மீன் இருப்பது தெரியவந்தது. தொட்டியில் எளிதாகக் குஞ்சு பொரிப்பதும் தெரிந்ததால் இன்று விற்பனையாவதில் மிகுதி பண்ணை மீன்களே.

ஆனால் பண்ணை வளர்ப்பால் விளையும் நன்மைக்கு எல்லை உண்டு. சிவப்பு வால் கறுப்புச் சுறா தாய்லாந்துப் பண்ணைகளில் மிகப்பெரிய எண்ணிக்கையில் உற்பத்தியாகிறது, ஆற்றிலோ அது கிட்டத்தட்ட இல்லை. தொட்டியில் தழைத்த இனம் என்பதால் ஆற்றைப் பற்றிக் கவலைப்பட யாருமில்லாமல் போனது. இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

காட்டு மீன் பிடித்துப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் அடிக்கலாமா?

கூடாது. ரியோ நெக்ரோ கரையிலுள்ள பார்செலோஸ் என்ற ஊரில் பல குடும்பங்களின் வருமானம் நெடுங்காலமாகத் தொட்டி மீன் பிடிப்பிலிருந்தே வந்தது. 1989-இல் அங்கே தொடங்கிய பியாபா திட்டம், அம்மக்கள் மீனால் வாழ முடிந்தால் காட்டை வெட்ட வேண்டிய தேவை வராது என்ற அடிப்படையில் செயல்பட்டது. பெருகும் இனத்தை, அளவறிந்து, உள்ளூர் மக்களே பிடிக்கும்போது காட்டு மீன் வணிகம் காட்டுக்குக் காவலாகவும் இருக்கலாம். கார்டினல் டெட்ரா ஆசியப் பண்ணைகளிலேயே மலிவாக உற்பத்தியாகத் தொடங்கிய பின் பார்செலோஸ் மீனவர்களின் சந்தை சுருங்கியது. அந்த விளைவையும் நாம் மறைக்கலாகாது.

நம் பக்கத்தில் ஓராங் அஸ்லி எனும் பூர்வகுடி மக்களும் காட்டோர மக்களும் மீன் பிடிக்கிறார்கள். அவர்கள் சாப்பாட்டுக்குப் பிடிப்பதற்கும், வெளியூர் முகவர் ஒரு குறிப்பிட்ட இனத்துக்கு விலை பேசித் துடைத்தெடுப்பதற்கும் இடையே வேறுபாடு பார்க்க வேண்டும். பிடித்தவருக்குக் கிடைக்கும் தொகைக்கும் வெளிநாட்டுத் தொட்டியில் அதே மீனுக்குக் கிடைக்கும் விலைக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. நட்டம் மட்டும் முழுவதும் காட்டோரத்தில் தங்கிவிடுகிறது.

சட்டம் போட்டால் போதாதா?

மலேசியாவில் சட்டங்கள் இருக்கின்றன. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதைத் தடைசெய்கிறது. உயிர் மீனை ஏற்றுமதி இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும் என்கிறது. 2008-ஆம் ஆண்டின் அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகச் சட்டம், சைட்டீஸ் பட்டியலிலுள்ள இனங்களைக் காக்கிறது. ஆறுகளும் ஏரிகளும் மாநில அரசின் அதிகாரத்தில் வருவதால் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் பெட்டா லிவிடா போன்ற சிறு மீன்கள் சைட்டீஸ் பட்டியலில் இல்லை. சாதாரணத் தொட்டி மீன் என்ற பொதுப் பெயரில் ஒரு பெட்டியில் அடுக்கப்பட்டால், விமான நிலையத்தில் அவற்றைப் பிரித்தறிய மீன் நிபுணர் வேண்டும்.

மீனைத் தெரிந்துகொள்ளாமல் போடும் சட்டம் எப்படித் தவறும் என்பதற்குக் கேரளம் பாடமாக இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும், சிவப்புக் கோடு போட்ட ஓர் அழகிய கெண்டைக்கு வணிகர்கள் மிஸ் கேரளா என்று பெயரிட்டார்கள். 1990-களின் இறுதியில் சிங்கப்பூர்க் கண்காட்சியில் பரிசு பெற்றபின் அதன் தேவை மிகுந்தது. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து அருகிவரும் 30 இனங்களைச் சேர்ந்த குறைந்தது 15 இலட்சம் நன்னீர் மீன்கள் தொட்டிகளுக்காக ஏற்றுமதியாயின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவற்றில் மூன்று இலட்சத்துக்கும் மேல் இந்தச் சிவப்புக் கோட்டுக் கெண்டைகள். கேரள அரசு பிடிப்புத் தடைக்காலம் ஒன்றை அறிவித்தது. ஆனால் அந்தத் தடை மாதங்கள், மீன் உண்மையில் முட்டையிடும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான காலத்தோடு பெரும்பாலும் பொருந்தவில்லை. நல்லெண்ணத்தில் போட்ட தடை, சினை மீன் பிடிபடும் மாதங்களைத் திறந்தே வைத்திருந்தது.

வளர்க்க முடியாத மீனை ஆற்றிலோ ஈயக்குட்டையிலோ விட்டுவிடலாமா?

விடவே கூடாது. நம் ஊரைப் பொறுத்தவரை, இப்பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க உங்களுக்கு நேரமிருந்தால் இதைப் படியுங்கள். காட்டு மீனைப் பிடிப்பவர்கள் சிலர். தொட்டி மீனைக் கொண்டுபோய் விடுபவர்கள் நம்மில் பலர்.

பண்டாராயா மீனை எல்லாரும் அறிவோம். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விரல் அளவில் வாங்குகிறோம், அது முழங்கை அளவுக்கு வளர்ந்ததும் சுங்கையில் விடுகிறோம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அம்மீனின் உடல் கடினமான தகடுகளால் மூடப்பட்டிருப்பதால் நம் ஆற்று மீன்களோ பறவைகளோ எளிதில் அதைத் தின்ன முடியாது. அழுக்கு நீரில் உயிர்க்காற்று குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் ஆற்றங்கரை சரிகிறது. சிலாங்கூரின் லங்காட் ஆற்றில் அது பெருகிப்போய், அதைப் பிடித்து அகற்றுவதற்கென்றே தன்னார்வலர் குழு வலையோடு இறங்க வேண்டியதாயிற்று. பீகாக் பாஸ் சிலாங்கூர், பேராக் ஈயக்குட்டைகளில் நிலைபெற்றுவிட்டது. அதில் தூண்டிற்காரர்களின் பங்கும் உண்டு. சிவப்பு வால் கெளுத்தி, அராபைமா போன்ற அசுர மீன்களும் நம் நீர்நிலைகளில் அவ்வப்போது பிடிபடுகின்றன. அத்தனையும் ஒருகாலத்தில் யாரோ ஒருவர் ஆசையாக வாங்கிய குஞ்சுகள்.

மீனோடு நோயும் போகிறது. 1998-இல் முதன்முதலாக இனங்காணப்பட்ட கோய் ஹெர்பிஸ் வைரஸ், அழகு மீன் வணிகத்தின் வழியே நாடு விட்டு நாடு பரவி, 2002-இல் இந்தோனேசியாவின் சாப்பாட்டுக் கெண்டைப் பண்ணைகளில் பேரழிவை உண்டாக்கியது. தொட்டி நீரைக்கூட அல்லூர் எனப்படும் வடிகாலில் ஊற்றாமல், புல்தரையிலோ செடிகளுக்கோ ஊற்றுவது நல்லது.

புண்ணியம் கருதி மீன் விடுபவர்களும் நம் நாட்டில் பல சமயத்தாரிடையே இருக்கிறார்கள். உயிரை விடுவிக்க வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் வணங்குகிறேன். ஆனால் விடப்பட்ட மீன் பட்டினியால் சாகலாம், அல்லது பிழைத்து ஆற்றிலிருக்கும் மீன்களைச் சாகடிக்கலாம். இரண்டிலும் உயிர் காக்கப்படவில்லை. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், வேறொருவருக்குக் கொடுங்கள், பள்ளித் தொட்டிக்குத் தேவையா என்று ஆசிரியரைக் கேளுங்கள்.

பிள்ளைகள் தோட்டத்து வாய்க்காலில் மீன் பிடிப்பதும் தவறா?

தவறில்லை. அங்கு அகப்படும் பனையேறிக் கெண்டை, விரால், கெளுத்தி, செப்பாட், எங்கிருந்தோ வந்து குடியேறிய கப்பி ஆகியவை பரவலாக வாழ்பவை. ஒரு பிள்ளை மீனை முதன்முதலில் கையில் ஏந்திப் பார்ப்பது அதன் வாழ்நாள் அக்கறைக்கு வித்தாகும். பார்த்துவிட்டு, பிடித்த அதே இடத்திலேயே விடச் சொல்லிக் கொடுங்கள். காப்புக்காட்டுக்குள் மட்டும் அனுமதியின்றிப் போக வேண்டாம்.

கடைக்காரரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

இந்த மீன் பண்ணையில் பிறந்ததா, ஆற்றில் பிடித்ததா, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் சொல்வார். தெரியாவிட்டால் மொத்த வணிகரிடம் கேட்டுச் சொல்வார். மீன்களின் உடலளவு ஒரே சீராக இருந்தால் பெரும்பாலும் பண்ணை மீன். அளவு பலவிதமாகவும், துடுப்பு கிழிந்தும், வயிறு ஒட்டியும், தூள் தீனியைச் சீண்டாமலும் இருந்தால் காட்டு மீனாக இருக்க வாய்ப்புண்டு. இவை உறுதியான அடையாளங்கள் அல்ல, கேள்வி கேட்பதற்கான குறிப்புகள். கெலிசா வாங்குபவர் மின்சில்லு எண்ணும் சான்றிதழ் எண்ணும் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும். சான்றிதழ் பிறகு வரும் என்று சொன்னால் அந்த மீனை வாங்காதீர்கள்.

புதிதாக வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை, மலேசிய ஓடைகளிலும் இயற்கையாக வாழும் ஹார்லெக்வின் ராஸ்போராவின் பண்ணைக் குஞ்சுகள். கறுப்பு முக்கோணமும் செம்பு நிறமும் கொண்ட அந்த மீன் சிறிய தொட்டியில் கூட்டமாக வாழும். பிள்ளைகளுக்கு நம் காட்டோடையை வீட்டிலேயே காட்டும்.

சதுப்பு மீன்களை யாராவது பிடித்து விற்பதைக் கண்டால் என்ன செய்வது?

நேரில் சண்டைக்குப் போக வேண்டாம். நாள், நேரம், விற்பனை விளம்பரத்தின் படம், மீனின் படம் ஆகியவற்றைச் சேகரித்து மீன்வளத் துறையின் மாநில அலுவலகத்திடம் கொடுங்கள். காப்புக்காட்டுக்குள் நடந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள். மின்சாரம் பாய்ச்சியோ நஞ்சு கலந்தோ பிடித்தால் அது மீனின் வகையைப் பொறுத்ததன்று, எந்த மீனானாலும் குற்றமே.

அரிய மீன் ஒன்றை நீங்களே காண நேர்ந்தால், படம் எடுங்கள், மகிழுங்கள், நண்பர்களுக்கும் காட்டுங்கள். ஆனால் எந்த வாய்க்கால், எந்தப் பாலத்துக்கு அடியில் என்ற விவரத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். புதிய இனங்களைப் பற்றிய அறிவியல் கட்டுரைகளிலிருந்தே இடத்தைக் கண்டறிந்து பிடிக்கப் போனவர்கள் உலகில் உண்டு. சரியான இடக்குறிப்பைப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கோ மீன்வளத் துறைக்கோ மட்டும் தனியாக அனுப்புங்கள். கைப்பேசிப் படத்தில் இடக்குறிப்பு தானாகப் பதிவாகியிருந்தால், பகிர்வதற்குமுன் அதை நீக்கிவிடுங்கள்.